ரோஸ் காரின் சாவி உன் பையில் இருக்கிறது

எய்யா,

இதை நீ தபாலில் எதிர்பார்த்திருப்பாய். ஒரு பக்கம் லேகிய விளம்பரமும் மறுபக்கம் தொடர்கதையுமாக, பத்திரிகையில் அச்சாகி உன் கைக்கு வரும் என்று நினைத்திருக்க மாட்டாய். என்ன செய்யட்டும்? நம் வீட்டுக் கடிதங்கள் எல்லாம் பெரியப்பாவின் பட்டாசுக் கம்பெனி ஆபீஸ் வழியாகத்தான் ஊரைவிட்டுக் கிளம்புகின்றன. “ஸ்டாம்பு ஒட்டணும்லா” என்று வாங்கிக்கொள்வார். ஸ்டாம்பு ஒட்டுவதற்கு உள்ளே இருப்பதை எதற்குப் படிக்க வேண்டும் என்று நான் கேட்டதில்லை. அவரிடம் எதையும் நேராகக் கேட்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. நீ எழுதுவதும் அவர் மூக்குக்கண்ணாடியைத் தாண்டித்தான் என்னிடம் வருகிறது. அவர் தொடாத காகிதம் இந்தப் பத்திரிகை ஒன்றுதான். ஆக, ஊரே படிக்கிற மாதிரி எழுதினால்தான் நானும் நீயும் தனியாகப் பேச முடியும் என்று ஆகிவிட்டது. பெயர் போடவில்லை. போடாவிட்டால் மட்டும் என்ன? சிவகாசியில் ரோஸ் நிறத்தில் கார் நிற்கிற வீடு எத்தனை இருக்கிறது?

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணம் முடிந்து நீயும் மருமகளும் பம்பாய்க்குக் கிளம்பியபோது வண்டிச் சாவியை உன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாய். கேட்கிறவர்களிடம் “மறந்து கொண்டுபோயிட்டான்” என்று சொல்லி வருகிறேன். மறக்கவில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு அந்தச் சாவி வேண்டும். “சாவியை அனுப்பு” என்று ஒரு கார்டு போட்டால் போதும்தான். ஆனால் நீ “எதுக்கும்மா?” என்று பதில் கார்டு போடுவாய். அந்த “எதுக்கு”க்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். மருமகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி. அவளுக்கும் இதில் கொஞ்சம் இருக்கிறது.

உன் அப்பா காமாலையில் போனபோது, ஒரு வருஷம் வாசல்படி தாண்டக் கூடாது என்றார்கள். சரி, எல்லாருக்கும் உள்ளதுதானே என்று இருந்தேன். வருஷமும் முடிந்தது. முடிந்த பிறகு என்னை யாரும் தடுக்கவில்லை. அதுதான் இதில் உள்ள கோளாறு. தடுத்திருந்தால் என் வாய்க்கு வேலை கிடைத்திருக்கும். “எங்கன போணும்னாலும் சொல்லச் சொல்லு, ஆளு வச்சு அனுப்புதேன்” என்று பெரியப்பா தங்கமாகச் சொல்லி அனுப்பினார். சொன்னேன். ஆள் லோடு ஏற்ற விஸ்வநத்தம் போயிருந்தான். மறுபடி சொன்னேன். மாட்டுக்குக் கால் சரியில்லை. இன்னொரு முறை நாள் சரியில்லை. பிறகு சீசன் வந்துவிட்டது. தீபாவளி ஆர்டர் கழுத்தில் நிற்கும்போது ஒரு விதவையின் ஊர் சுற்றும் ஆசைக்கு யார் வண்டி பூட்டுவார்கள்? திருத்தங்கல் கூப்பிடு தூரம். அங்கே வாழ்க்கைப்பட்ட என் தங்கச்சியை, உன் சித்தியை, நான் கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும்தான் பார்த்தேன். ஒன்றில் மேளம், மற்றதில் ஒப்பாரி. இரண்டிலும் ஒரு வார்த்தை நிதானமாகப் பேச முடியாது. உறவில் யாராவது மண்டையைப் போட்டால்தான் தங்கச்சியைப் பார்க்கலாம் என்றான பிறகு, படுக்கையில் கிடந்த கிழவர்களின் உடம்பைப் பற்றி நான் அடிக்கடி விசாரிக்க ஆரம்பித்தேன். “என்ன நல்ல மனசு!” என்று தெருவே என்னை மெச்சியது.

கார் உன் அப்பா வாங்கியது. வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போன சமயத்தில், மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் கப்பலைப் பிடிக்கிற அவசரத்தில் தள்ளிவிட்டுப் போன வண்டி. யுத்தத்துக்கு முந்தியது. அப்பா அதை ஓட்டியதைவிட ஆள் வைத்துத் தள்ளியதே அதிகம். அவர் போன பிறகு அது பின்பக்கத்து வண்டிக் கொட்டகையில், பட்டாசு லேபிள் கட்டுகளுக்குப் பின்னால், முக்காடு போட்ட மாதிரி சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றது. கோழி முன் சீட்டில் முட்டையிட்டது, எலி பின் சீட்டில் குடித்தனம் நடத்தியது. எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு நீ சும்மா இருந்த விடுமுறையில் ஒருநாள் அந்தச் சாக்கை விலக்கினாய். நான் கோழியைத் தேடி வந்தவள், அங்கேயே நின்றுவிட்டேன். பெரியம்மாவுக்கு அதில் குற்றம் சொல்ல வழியில்லை. கொட்டகை நம் மதிலுக்குள் இருந்தது. அங்கே போவது வெளியே போவதில் சேராது. மதிலுக்குள்ளேயே வெளியூர் மாதிரி ஒரு இடம் எனக்குக் கிடைத்தது அன்றைக்குத்தான்.

எஞ்சின் இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைக்கலாம் என்றாய். கூட விளக்கெண்ணெயும் ஊற்று, அதற்கு இளகாத வயிறு இல்லை என்றேன். இரண்டையும் கலந்து ஊற்றி, தினமும் முன்பக்கத்துச் சுழற்றுகிற கைப்பிடியைப் போட்டு அசைத்துப் பார்த்தாய். ஒருநாள் அது வயசாளி எழுந்திருப்பது போல ஒரு முனகல் முனகிச் சுற்றிக்கொடுத்தது. அதற்குப் பிறகு நீ என்னை வேடிக்கை பார்க்கிறவளாக நடத்தவில்லை, வேலைக்காரியாக நடத்தினாய். அந்த மரியாதைக்கு இன்றைக்கும் உனக்கு நன்றி. வால்வு தேய்க்கிற வேலையை என்னிடம் தந்தாய். பசையைத் தடவி, குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து இப்படியும் அப்படியும் சுழற்ற வேண்டும். நீ செய்தபோது கோணலாகப் போனது. என்னிடம் கொடு என்று வாங்கி மோர் கடைகிற மாதிரி கடைந்தேன். வால்வின் வட்டம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக வந்தது. அடைப்புத் தகட்டுக்கு மதுரைக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்றாய். பட்டாசுப் பெட்டி அட்டையைக் கத்தரித்து எண்ணெயில் ஊறப்போட்டுக் கொடுத்தேன். அது இன்றைக்கும் அங்கேதான் ஒழுகாமல் இருக்கிறது. பெரியம்மா மட்டும் பட்டாசுக் கம்பெனி வழக்கப்படி, நம்மைச் சுற்றி வாளி வாளியாக மணல் வைத்துவிட்டுப் போவார். தீப்பிடித்தால் வண்டி மேல் போடவா, என் மேல் போடவா என்று நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

வர்ணம் விஷயத்தில் புத்தி என்னுடையது, பழியும் என்னுடையது. கார் பெயின்ட் வாங்க வழியில்லை. உன் சித்தப்பா திருத்தங்கலில் அச்சாபீசில் இருக்கிறாரே, லேபிள் அச்சடித்து மிஞ்சிய மையைக் கேட்டுப் பார் என்றேன். சிவப்பும் வெள்ளையும் அரை டின் அரை டின்னாக வந்தன. கலந்தோம். மத்தாப்புப் பெட்டியில் அப்படிப் பளபளக்கிற மை காரில் பளபளக்காதா? பளபளத்தது. காயத்தான் இல்லை. மை காகிதத்துக்குள் இறங்கிக் காய்கிற சாதி. தகரம் எங்கிருந்து அதைக் குடிக்கும்? சிவகாசிக்காரர்கள் மூளையில்தான் இப்படி ஒரு யோசனை உதிக்கும். சித்திரை போய் வைகாசி வந்தது. வண்டியைத் தொட்டவர்கள் எல்லோரும் ரோஸ் கையோடு திரிந்தார்கள். பூனை அதன் மேல் நடந்து, பிறகு அடுக்களைத் தரை முழுவதும் பூக்கோலம் போட்டது. என் வெள்ளைச் சேலையில் இடுப்புப் பக்கம் பெரிதாக ஒரு பூ. பெரியம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

“ஏ தாயி, வெள்ளச் சேலையில ரோசாப்பூவா? நாலு பேரு என்ன நெனப்பாக?”

“பூ இல்லக்கா, காரு.”

“துவைச்சாப் போவுமா?”

“காருலயே காயல, சேலையில காஞ்சிருச்சுக்கா. நான் என்ன செய்ய?”

எனக்கு அதில் வருத்தமே இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. உன்னிடமும் இப்போதுதான் சொல்கிறேன். அந்தச் சேலையைத்தான் கிழிகிற வரைக்கும் அடிக்கடி எடுத்துக் கட்டினேன்.

காயாத அந்த மைதான் வண்டியையும் காப்பாற்றியது. சீசனுக்குக் கொட்டகை காலியாக வேண்டும் என்று பெரியப்பா மதுரையிலிருந்து பழைய இரும்பு வாங்குகிற ஒருவரைக் கூட்டி வந்தார். நீ கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு வெளிறிப் போய் நின்றாய். வந்தவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் ஜரிகைத் துண்டு. வண்டி எதற்கும் லாயக்கில்லை என்று பேசுவதற்கு வசதியாக முன் மட்கார்டில் ஒய்யாரமாக உட்கார்ந்தார். பேசி முடித்து எழுந்து திரும்பினாரே பார்க்கணும்! நான் கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். பெரியப்பாவுக்கே சிரிப்பில் உதடு துடித்தது.

“என்னய்யா இது, காரா, மஞ்சத் தண்ணி விளையாட்டா? இந்த வேட்டியோட நான் எப்படி பஸ் ஏறுவேன்?”

“அண்ணாச்சி, உக்காராம போனாப் போச்சு” என்றார் பெரியப்பா. அந்த மனுஷர் போனவர் போனவர்தான். ஆடிக் காற்று ஊரின் தூசியை எல்லாம் கொண்டுவந்து அப்பிய பிறகு வண்டி ஒருவழியாகக் காய்ந்தது. உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக, ஆனாலும் ரோஸாக.

பிறகு நீ காலேஜ் லீவுகளில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தாய். எங்கே? கொட்டகையிலிருந்து பின்வாசல் மரக்கதவு வரைக்கும் உள்ள சந்தில். இரண்டு பக்கமும் மதில், திரும்ப இடமில்லை. கதவு வரைக்கும் முன்னால் போக வேண்டும், அங்கிருந்து கொட்டகைக்குப் பின்னாலேயே வர வேண்டும். நீ காலேஜுக்குப் போனபிறகும் அடுக்களை ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து இதையே செய்துகொண்டிருந்தேன். வருஷக்கணக்கில் செய்தேன். வளைவு என்ற ஒன்றையே காணாத டிரைவர் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் பின்பக்கமாக ஓட்டுவதில் என்னை அடிக்க லாரிக்காரனாலும் முடியாது. பாதி ஆயுசை ரிவர்ஸிலேயே ஓட்டியிருக்கிறேன்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. புருஷனின் அண்ணன் எதிரில் பெண்பிள்ளை உட்கார்ந்திருக்கக் கூடாது. மருமகளே, உங்கள் விருதுநகர் வீட்டிலும் இது உண்டு, உனக்கு விளக்க வேண்டாம். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாலும் முறத்தோடு எழுந்துவிட வேண்டும். காரோ உட்கார்ந்து ஓட்டுகிற சாமான். பெரியப்பா செருப்புச் சத்தம் கேட்டால் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, கதவு மறைவில் நிற்பேன். அவர் போன பிறகு ஏறுவேன். ஒருநாள் செருப்புச் சத்தம் எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. நான் முன்பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறேன், நீ பக்கத்து சீட்டில். மரக்கதவைத் திறந்துகொண்டு நேர் எதிரே வருகிறார். பிறந்ததிலிருந்து பழகிய உடம்பு யோசிக்குமா? எழுந்துவிட்டேன். எழுந்திருக்க வேண்டுமென்றால் எதன் மேலாவது காலை ஊன்ற வேண்டும் அல்லவா? நான் ஊன்றியது ஆக்ஸிலேட்டர்.

தலை கூரையில் இடித்தது மட்டும்தான் எனக்கு ஞாபகம். கண்ணைத் திறந்தபோது வண்டி, கதவோரம் இறக்கி அடுக்கியிருந்த லேபிள் கட்டுகளுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றிருந்தது. பெரியப்பா அந்தக் கட்டுகளின் உச்சியில், ஒரு கையில் வேட்டியும் ஒரு கையில் செருப்புமாக உட்கார்ந்திருந்தார். அந்த வயசில் எப்படி ஏறினார் என்பது அவருக்கே தெரியாது. அங்கிருந்தே உன்னைப் பார்த்துச் சொன்னார்.

“ஏலே, ஒங்கம்மாட்ட சொல்லு. இனிமே அந்த வண்டிக்குள்ள இருக்கையில என்னயக் கண்டு எந்திரிக்க வேண்டாம்னு சொல்லு. அவ மருவாதி எனக்குத் தெரியும். எனக்கு உசுரும் வேணும்லா?”

நான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தேன், காதும் நன்றாகக் கேட்கும். ஆனாலும் நீ முறை தவறாமல் என் பக்கம் திரும்பி, “எம்மா, பெரியப்பா எந்திரிக்க வேண்டாம்ங்காக” என்றாய். “சரின்னு சொல்லு” என்றேன். “சரிங்காக” என்றாய். இப்படியாகத்தானே நம் வகையறாவிலேயே மூத்தவர் எதிரில் உட்கார உரிமை பெற்ற ஒரே பொம்பளை ஆனேன், காருக்குள் இருக்கிற வரைக்கும். அந்த உரிமையை நான் சும்மா விடவில்லை. வண்டி ஓட்டாத நாளிலும் அதில் போய் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவினேன், பத்திரிகை படித்தேன், பல நாள் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா கடந்து போவார். நான் உட்கார்ந்திருப்பேன். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு போவார். மனுஷர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

ஆனால் அந்த மரக்கதவை நான் தாண்டவில்லை. தாண்டுவதற்கு உன் கல்யாணம் முடியட்டும் என்று இருந்தேன். நீயே வண்டியை ஓட்டி விருதுநகரிலிருந்து பெண்ணை அழைத்து வந்தாய். ஊரே வாயைப் பிளந்தது. அந்த வால்வைத் தேய்த்தவள் நான் என்று ஒருத்தருக்கும் தெரியாது. நான் மாடி ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நல்ல காரியத்தில் எதிரே வரக் கூடாதவள் அல்லவா. நீ கிளம்புவதற்கு முன்னால் அடுக்களையில் வைத்துச் சொன்னேன்: “எய்யா, நீ போன பெறகு நானே ஓட்டிக்கிட்டுத் திருத்தங்கல் போயிட்டு வரலாம்னு இருக்கேன்.”

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை என்று பார்த்த பிறகு உன் முகம் மாறியது.

“சும்மா இரும்மா. ரோட்டுல லோடு லாரியா வருது. ஒத்தையில போயி எங்கனயாச்சும் நின்னுட்டா? ஊரு என்னம்மா சொல்லும்?”

“ஊரு சொல்லுததை ஊர்ட்ட கேட்டுக்கிடுவோம். நீ என்ன சொல்லுத?”

“நான் லீவுல வந்து ஒன்னயக் கூட்டிட்டுப் போறேன்.”

கூட்டிட்டுப் போறேன். உன் அப்பா போன நாளிலிருந்து நான் கேட்டு வருகிற வார்த்தை. பெரியப்பா சொன்னால் உள்ளுக்குள் ஒரு வசவு வைதுகொண்டு போய்விடுவேன். நீ பாசத்தோடு சொன்னாய். பாசத்தை எப்படி வைவது? சாயங்காலம் பார்த்தால் ஆணியில் சாவி இல்லை. எல்லாரோடும் வழியனுப்ப வந்தேனே, அந்த ஸ்டேஷனில் உன் பைக்குள் சாவிச் சத்தம் கேட்டது. நீ என்னைப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. மருமகள் முன்னால் உன்னைத் திருடனாக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இப்போது பயப்படாமல் படி. போன வாரம் ஒரு மத்தியானம், பெரியப்பா கம்பெனியில், பெரியம்மா தூக்கத்தில். கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு வண்டித் தரையில் மல்லாந்து படுத்தேன். கால் இரண்டும் வெளியே. சாவித் துவாரத்துக்குப் பின்னால் உள்ள ஒயர்களுக்குத் துணி நாடா சுற்றியவள் நான்தானே? எதை எதோடு சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? சேர்த்தேன். பொறி பறந்தது. இந்த ஊரில் பிறந்தவளுக்குப் பொறியைக் கண்டால் குலை நடுங்கும். ஆனாலும் கையை எடுக்கவில்லை. எஞ்சின் எழுந்துகொண்டது. மரக்கதவைத் திறந்தேன். என் ஆயுசில் முதல் வளைவு தெருமுனையில் வந்தது. அதைப் பற்றி வேண்டாம், அந்தப் பெட்டிக்கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. ரோட்டில் எதிரே ஒரு பஸ் வந்தது. “ஏ, ஓரமாப் போய்யா!” என்று கண்டக்டர் கத்தினார். பக்கத்தில் வந்ததும், “ஏலே, பொம்பளலே!” என்றார். உள்ளே இருந்த ஜனம் எல்லாம் ஒரே பக்கத்து ஜன்னலுக்கு வர, பஸ்ஸே சாய்ந்துகொண்டு போனது. எனக்குப் பயமாக இருந்தது. பயத்திலும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். எதற்கும் வண்டியை நிறுத்தவில்லை.

உன் சித்தி வீட்டு வாசலில் போய் நிறுத்தினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு வெளியே வந்தவள் முதலில் என்னைத் தாண்டிப் பின் சீட்டைப் பார்த்தாள், என்னைக் கூட்டி வந்தது யார் என்று. யாரும் இல்லை. கையில் இருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

“எக்கா! ஒத்தையிலயா வந்தீக? எறங்குங்கக்கா!”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எஞ்சினை நிறுத்துவது சுலபம், ஒயரைப் பிரித்தால் போதும். திரும்பக் கிளப்ப வேண்டுமென்றால்? மறுபடி தரையில் மல்லாந்து, காலை வெளியே நீட்டி, தலையை உள்ளே விட வேண்டும். எதிரே டீக்கடை. அங்கிருந்த அத்தனை ஆம்பிளைகளும் டம்ளரோடு ரோட்டுக்கே வந்துவிட்டார்கள். ஒரு விதவை நடுத்தெருவில் அப்படிப் படுத்தால் அடுத்த தலைமுறை வரைக்கும் அந்தக் கதை ஓடும். வண்டியை ஓடவிட்டு இறங்கலாம் என்றால் அந்த வாசல் சரிவில் கை பிரேக் பிடிக்காது. அதைச் சரி பண்ணுவதாகச் சொன்னவன் பம்பாயில் இருக்கிறான். உன் சித்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரு யோசனை சொன்னாள்.

“நான் வேணா சேலைய விரிச்சு மறைச்சுப் புடிக்கேன்க்கா.”

“ஏ கூறுகெட்டவளே, நான் என்ன புள்ளயா பெறப் போறேன்?”

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் உள்ளே ஓடிக் காபி போட்டுக் கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். அவள் வீட்டில் புது அடுக்களை கட்டியிருக்கிறாளாம், ஜன்னல் கிழக்கே பார்த்து இருக்கிறதாம். “வந்து பாருங்கக்கா, ஒரு எட்டு” என்று கதவைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் “என்ன?” என்று நான் கத்த, “அடுக்களை!” என்று அவள் கத்தினாள். மேளத்துக்கு நடுவில் பேசினோம், ஒப்பாரிக்கு நடுவில் பேசினோம், இப்போது இது. உன் சித்திக்கு முன்பக்கத்தில் ஒரு பல் போயிருக்கிறது. எப்போது போனது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் பெட்ரோல் முள் கீழே இறங்கியிருந்தது. இறங்காமலேயே திரும்பிவிட்டேன்.

பின்வாசலில் பெரியப்பா நின்றார். நான் எழுந்திருக்கவில்லை. அதற்குத்தான் உத்தரவு வாங்கியிருக்கிறோமே. சொல்லி அனுப்ப இடையில் ஆள் இல்லாததால் அவர் மரக்கதவைப் பார்த்துப் பேசினார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. “புள்ளயே வேண்டாம்னுதான சாவியக் கொண்டு போயிருக்கான்? பெத்த புள்ளைக்கு இல்லாத அக்கறையா எனக்கு? அவன் குடுத்தனுப்பட்டும், நான் ஏன் கேக்கப் போறேன்? அது வரைக்கும் கதவு பூட்டிக் கெடக்கட்டும்.” வண்டி உள்ளே வருவதற்கு அவரே கதவை அகலமாகத் திறந்து பிடித்தார். நான் நுழைந்ததும் பூட்டி, கதவுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். இத்தனை வருஷமாக அவருக்கு அகப்படாத காரணத்தை நீ சம்பாதித்துக் கொடுத்துவிட்டாய்.

உன்மேல் கோபம் இல்லை, எய்யா. பயம்தான் இருக்கிறது. நீ எழுதியிருந்தாய், “இது பெரிய ஊர், அவளைத் தனியே எங்கும் விடுவதில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் நானே கூட்டிப் போகிறேன்” என்று. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுப் பெரியப்பா பெரியம்மாவிடம், “நம்ம வளர்ப்பு, பொறுப்பான பய” என்றாராம். அவர் மெச்சினார் என்றதும் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். நீ அவரைவிட நல்லவன். அன்பாகப் பேசுவாய். அதனால் நீ போடுகிற பூட்டு சத்தமில்லாமல் விழும். அவளும் சரி சரி என்று இருந்துவிடுவாள், என்னைப் போல. மருமகளே, காய்கறி வாங்கத் தனியாகப் போ. வழி தவறினால் தவறட்டும், கேட்டு வா. எய்யா, அவள் வெளியே கிளம்பினால் “எதுக்கு” என்று கேட்காதே. சாப்பிட வருவாளா என்று மட்டும் கேள். நீ உலை வைக்க வேண்டுமா என்று தெரிய வேண்டும் அல்லவா.

சாவியை ஒளித்து அனுப்பாதே. மருந்து டப்பாவுக்குள், துணிக்குள் என்றெல்லாம் வேண்டாம். ஒயரைக் கோத்தே கிளப்பத் தெரிந்தவளுக்குத் திருட்டுச் சாவி எதற்கு? பெரியப்பா பெயருக்கே ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பு. கூட ஒரு தாளில், “இது அம்மாவுடையது, அம்மாவிடம் கொடுங்கள்” என்று உன் கையால் எழுது. அவர் எப்படியும் பிரித்துப் படிப்பார். படிக்கட்டும்.

இன்னொன்று. அன்றைக்குக் கிளம்பிய அவசரத்தில் உன் சித்தியின் காபித் தம்ளர் என் மடியிலேயே வந்துவிட்டது. சித்தப்பா பெயர் வெட்டிய நல்ல வெண்கலத் தம்ளர். யாரிடமாவது கொடுத்தனுப்பு என்கிறார் பெரியம்மா. நான் தரவில்லை. அதை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு வரவும் எனக்கு இஷ்டமில்லை. வண்டியை நிறுத்த வேண்டும், இறங்க வேண்டும், நடந்து அவள் புது அடுக்களைக்குள் போய், தம்ளரை நானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

உன் அம்மா